பவளத் துண்டு வாங்கும் முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

பல்லடம், காங்கேயம் பக்கம் மீன் வளர்க்கும் விவசாயிகள் சிலர், "கடல் மீன் தொட்டி வைத்து, பவளத் துண்டு வளர்த்து விற்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

துண்டு வளரும் என்பது உண்மைதான். மரவள்ளிக் குச்சி நடுவதைப் போன்றது. ஆனால் பவளம் செடி அல்ல, சுண்ணாம்புக் கூடு கட்டிக் கூட்டமாக வாழும் சிறு விலங்கு. அதன் சதைக்குள் இருக்கும் நுண்பாசி வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கொடுக்கும். தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், 2002 முதல் மன்னார் வளைகுடாவில் பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகையில் கட்டிக் கடலடியில் வளர்த்து, அழிந்த திட்டுகளை மீட்டு வருகிறது. மான்கொம்பு போலக் கிளைக்கும் அக்ரோபோரா ஆண்டுக்கு 10 செ.மீ. கூட வளரும். உருண்டையான போரைட்டஸ் 1 செ.மீ. வளர்ந்தாலே அதிகம்.

ஆனால் விற்பனை வேறு கதை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் கல் பவளங்கள் எல்லாமே 2001 முதல், புலி, யானையோடு முதல் அட்டவணையில் இருக்கின்றன. வாங்கினாலும் விற்றாலும் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். "என் தொட்டியில் வளர்ந்தது" என்று சொல்லித் தப்ப முடியாது. அலங்காரத்துக்கு வைக்கும் செத்த பவளமும் இதில் அடக்கம்.

அடையாளம் காண, வெட்டிய அடிப்பக்கத்தையும் ஓரத்தையும் பாருங்கள். சதை விரிந்திருக்கும்போது கல் கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் கல்லும் அதில் நட்சத்திரம் போன்ற சிறு குழிகளும் இருந்தால் அது கல் பவளம். விற்பவர் 'சாஃப்ட்' என்று சொன்னாலும் வாங்காதீர்கள். விசிறி போல் விரியும் கடல் விசிறி, கறுப்புப் பவளம், நெருப்புப் பவளம் ஆகியவையும் தடை செய்யப்பட்டவையே.

"நம்ம போர் தண்ணியும் உப்புதானே" என்பவர்களுக்கு: கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதுவும் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்திருக்கும். நம் கிணற்று உப்பு அப்படியல்ல. நீரின் சூடும் 25 முதல் 27 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 2016 கோடையில் மன்னார் வளைகுடாவிலேயே நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. தகரக் கொட்டகைத் தொட்டி எம்மாத்திரம்?

வண்ணமீன்தான் ஆசை என்றால் கப்பி, மோலி, பிளாட்டி வளர்க்கலாம். இவை கடினமான நீரைத் தாங்கும், குட்டி போட்டுப் பெருகும், சிமெண்ட் தொட்டியே போதும். தொட்டி கட்டும் முன் நீரை ஆய்வுக்கூடத்தில் பரிசோதியுங்கள். நொய்யல் கரையில் சாயநீர் இறங்கிய கிணறாக இருந்தால், அந்த நீரை இதற்கும் பயன்படுத்த வேண்டாம்.