மதுப்பழக்கமும் எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சையும்

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வோர் ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்தை வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். இம்மருந்து கிருமியை முற்றிலும் அகற்றுவதில்லை. அது பெருகாமல் தடுத்து வைக்கிறது. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இதனை இலவசமாக வழங்கி வருகிறது. எனினும் மருந்தை விடாமல் உட்கொள்வதற்கு மதுப்பழக்கம் ஒரு முக்கியத் தடையாக உள்ளது.

மருந்து விடுபட்டால்

அடிக்கடி மருந்து விடுபட்டால் இரத்தத்தில் அதன் அளவு குறைந்து, கிருமி மீண்டும் பெருகத் தொடங்கும். அப்போது மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் உருவாகலாம். சி.டி.4 வெள்ளணுக்கள் குறைவதால் காசநோய் போன்ற நோய்களும் எளிதில் தாக்கும். ஏ.ஆர்.டி. மையங்களில் மீதமுள்ள மாத்திரைகளை எண்ணி, 95 விழுக்காட்டிற்கு மேல் உட்கொள்ளப்பட்டுள்ளதா எனப் பார்க்கின்றனர். நாளுக்கு ஒரு மாத்திரை எனில், 30 நாட்களில் 2 நாள் தவறினாலே இவ்வளவு 93 விழுக்காடாகக் குறைந்துவிடும்.

மது தடையாகும் விதம்

போதையால் ஏற்படும் மறதியும் உறக்கமும் முதற்காரணம். மற்றொரு காரணம் அச்சம். குடித்த நாளில் மாத்திரை போட்டால் அது நஞ்சாகிவிடும் என்று நம்பி, சிலர் வேண்டுமென்றே மருந்தைத் தவிர்க்கின்றனர். நாள்தோறும் குடிப்பவர் இவ்வாறு நினைத்தால் சிகிச்சையே நின்றுவிடும். குடிப்பது தெரிந்தால் திட்டுவார்கள் எனப் பயந்து மையத்திற்குச் செல்லாமல் இருப்போரும் உண்டு.

உண்மை நிலை

தற்போது பரவலாக வழங்கப்படும் டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் கூட்டு மாத்திரை மதுவுடன் சேர்ந்து நஞ்சாவதில்லை. ஆகவே குடித்திருந்தாலும் அன்றைய மாத்திரையை விடக்கூடாது. இதனால் மது தீங்கற்றது என்று பொருளில்லை. அது கல்லீரலைக் கெடுக்கும். கல்லீரல் அழற்சி உள்ளவர்களுக்கும் காசநோய் மருந்து உட்கொள்பவர்களுக்கும் ஆபத்து மிகுதி. இவர்கள் தங்கள் குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

தீர்வுகள்

மாலையில் குடிப்பவர், மருத்துவரின் ஆலோசனையுடன் மாத்திரை நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கைப்பேசி நினைவூட்டலும் குடும்பத்தினரின் துணையும் உதவும். கடிந்துகொள்ளாத ஆலோசனையும் மதுமீட்புச் சிகிச்சையும் ஏ.ஆர்.டி.யுடன் சேர்ந்தே நடைபெறலாம். குடியை நிறுத்தும் வரை மருந்து காத்திருக்க வேண்டியதில்லை. மருந்தை விடாமல் உட்கொண்டு, இரத்தப் பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி குறைந்து, அந்நிலை நீடித்தால், பாலுறவு மூலம் துணைவருக்குத் தொற்று பரவுவதில்லை.