ஒரே யாழ்ப்பாணம், திரைக்குத் திரை வேறு முகம்: தெரியுமா?

‘யாழ்ப்பாணம்’ என்று எழுதி எண்ணிப் பாருங்கள். ஆறு எழுத்து. கணினியோ பதினொன்று என்று சொல்லும், தெரியுமா? ய ஒன்று, அரவு ஒன்று, ழ ஒன்று, அதன் மேல் வைக்கும் புள்ளி ஒன்று என்று தனித்தனியாகத்தான் அது எண்ணுகிறது. சேமிக்கும்போது கணக்கு இன்னும் ஏறும். இணையத்தில் இன்று வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக, எங்கள் ஊரின் பெயருக்கு மட்டும் 33 பைட்!

இதில் என்ன வியப்பு என்கிறீர்களா? ஏதோ ஒரு படிவத்தில் ஊரின் பெயருக்கு இருபது பைட் போதும் என்று ஆங்கிலத்தை மட்டும் நினைத்து ஒருவர் முடிவுசெய்திருக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் முழுப் பெயரையும் எழுதி அனுப்புவீர்கள். மறுபக்கம் ‘யாழ்ப்’ என்று வந்து நிற்கும். அடுத்த ‘ப’ பாதியில் வெட்டுப்பட்டு, கறுப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறியாக மாறியிருக்கும். பிழை தமிழிலும் இல்லை, எழுதியவரிலும் இல்லை. அளவு எடுத்தவரிடம்தான் இருக்கிறது.

சரி, நெடுந்தீவுக்குப் போவோம். ‘நெ’ என்று எழுதும்போது கை முதலில் கொம்பைப் போடும், பிறகு ந. கணினியின் யூனிகோட் முறையோ தலைகீழ்! முதலில் ந, பிறகுதான் கொம்பு. திரையில் காட்டும் நொடியில் அந்தக் கொம்பைத் தூக்கி ந-வின் இடப்பக்கம் வைப்பதற்கென்றே கணினிக்குள் ஒரு தனி மென்பொருள் இருக்கிறது. எழுத்துக்கோப்பு இயந்திரம் என்று அதைச் சொல்லலாம். குறோம், பயர்பொக்ஸ், அன்ட்ரொயிட் மூன்றும் ஹார்ஃபஸ் என்ற ஒன்றைப் பயன்படுத்துகின்றன. அப்பிளுக்குக் கோர் டெக்ஸ்ட். விண்டோஸுக்கு முன்பு யூனிஸ்கிரைப், பிறகு டைரக்ட்ரைட். நெல்லியடி, தெல்லிப்பழை, வேலணை, கைதடி என்று எங்கள் ஊர்களில் எத்தனை பெயர்கள் கொம்போடு தொடங்குகின்றன! இவை ஒவ்வொன்றும் திரையில் தோன்றும் போதெல்லாம் இந்த இயந்திரங்களில் ஏதோ ஒன்று மௌனமாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

கோப்பாய் இதைவிட வியப்பு. ‘கோ’வை இரண்டு வழியில் சேமிக்கலாம், தெரியுமா? க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றே ஒன்று. அல்லது இரட்டைக் கொம்பும் அரவும் தனித்தனியாக. திரையில் இரண்டுக்கும் மயிரிழை வேறுபாடுகூட இல்லை. ஆனால், ஒரு முறையில் எழுதிய கோப்பாயை மற்ற முறையில் எழுதித் தேடினால், அக்கறையில்லாமல் எழுதிய ஒரு செயலி ‘அப்படி எதுவும் இல்லை’ என்று கையை விரித்துவிடும். கொக்குவில், கோண்டாவில், கொடிகாமம், தொண்டைமானாறு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். இரண்டும் ஒன்றே என்று யூனிகோட் விதி தெளிவாகச் சொல்கிறது. தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது நிரலாளரின் கடமை.

நாட்டின் பெயரிலும் இதே சிக்கல் உண்டு. ‘ஸ்ரீ லங்கா’வில் வரும் அந்த முதல் எழுத்தை வழமையான ஸ-வைக் கொண்டும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த இன்னொரு ஶ-வைக் கொண்டும் எழுதலாம். சில எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும், வேறு சிலவற்றில் ஒன்று உடைந்து தனித்தனி எழுத்தாக நிற்கும்.

1841இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய உதயதாரகையை யார் கையில் எடுத்துப் பார்த்தாலும் எழுத்து ஒரே மாதிரித்தான் இருந்தது. அச்சேறியது அச்சேறியதுதான். ஒரே பக்கம் ஆளுக்கொரு மாதிரித் தெரியும் அதிசயம் இணையத்தோடு வந்தது. அதனால் எங்கள் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமா!

யூனிகோடின் முதற்பதிப்பு வெளிவந்த 1991இலேயே தமிழுக்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால், மக்களின் கணினி அதை அறிய வருடங்கள் எடுத்தன. அதுவரை பாமினி என்ற எழுத்துருதான் ராசா. திருமண அழைப்பிதழ், கல்வெட்டு, பாடசாலை மலர், சங்க அறிக்கை எல்லாம் பாமினி. அந்த எழுத்துருவில் ‘தமிழ்’ என்று திரையில் தெரியும்போது, உள்ளே உண்மையில் இருப்பது என்ன தெரியுமா? ஜே, கே, பீ, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்! எழுத்துருவின் உருவம் மட்டுமே தமிழ். எழுத்துரு இல்லாத கணினியில் அதே பக்கத்தைத் திறந்தால் பொருளே இல்லாத ஆங்கிலக் குப்பை.

இதற்கு 1997இல் ஒரு வழி பிறந்தது: பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்புவது. அருமையான யோசனை. ஆனால், நெற்ஸ்கேப் ஒரு வகைக் கோப்பைக் கேட்டது, மைக்ரோசொப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வேறொரு வகையைக் கேட்டது. ஒரே தமிழ்ப் பக்கத்துக்கு இரண்டு எழுத்துருக் கோப்புகள் செய்து வைக்க வேண்டியிருந்தது. ஒன்றை மறந்தால் வாசகரில் ஒரு பகுதியினருக்குப் பக்கமே இல்லை.

 பிறகு விண்டோஸ் எக்ஸ்பியில் ‘லதா’ என்ற யூனிகோட் தமிழ் எழுத்துரு கூடவே வந்தது. ஆனாலும், சிக்கலான எழுத்துமுறைகளுக்கென்று அமைப்புப் பக்கத்தின் ஆழத்தில் இருந்த ஒரு சிறு பெட்டியைச் சரிபோடாவிட்டால், பின்னர் வந்த பயர்பொக்ஸில்கூடக் கொம்பு இடம்மாறி ந-வுக்குப் பின்னால் போய் நிற்கும். அதே கணினி, அதே பக்கம், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் ஒழுங்காகத் தெரியும்! வண்ணார்பண்ணையில் பிறந்த மயூரநாதன் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவைக் கட்டியெழுப்பத் தொடங்கியது இந்தச் சூழலில்தான். பார்க்கவே பலருக்கு முடியாத ஒரு கலைக்களஞ்சியத்தை ஒருவர் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை இன்று நினைத்தாலும் மெய்சிலிர்க்கிறது.

பயர்பொக்ஸ் 2 செய்த இன்னொரு கூத்து தெரியுமா? பந்தியின் இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி ஒரு கட்டளை உண்டு. பத்திரிகைப் பத்தி போல அழகாக இருக்கும். அந்த ஒரு கட்டளையைக் கொடுத்தால் போதும், தமிழ் முழுவதும் சிதறிவிடும், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். 2008 ஜூனில் பயர்பொக்ஸ் 3 வந்த பிறகே அது தீர்ந்தது. அழகுக்காகக் கொடுத்த கட்டளை எழுத்தையே உடைக்கும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள்!

கைப்பேசிக் காலம் வந்தபோது சிறிய நோக்கியா போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லை. எல்லாம் வெறும் கட்டம். அப்போது நோர்வேயில் பிறந்த ஒப்பெரா மினி கைகொடுத்தது. பக்கத்தைப் போன் திறப்பதில்லை. எங்கோ தொலைவில் இருக்கும் ஒப்பெராவின் கணினி திறந்து, சுருக்கி, போனுக்கு அனுப்பும். அதன் மறைவான அமைப்புப் பக்கம் ஒன்றில், சிக்கலான எழுத்துகளைப் படமாக அனுப்பு என்று ஒரு தெரிவு இருந்தது. அதைப் போட்டதும் தமிழே தெரியாத போனில் தமிழ் வந்து இறங்கியது! எழுத்தாக அல்ல, படமாக. அந்த இரகசியத்தை ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானோர் போனில் தமிழ் வாசித்தார்கள்.

இதெல்லாம் பழங்கதை, இன்று எல்லாம் சரி என்று நினைக்கிறீர்களா? இல்லை!

ஒரு மரண அறிவித்தலை எடுங்கள். சாவகச்சேரியில் அம்மம்மா அதை பேஸ்புக்கில் தொட்டுத் திறக்கிறார். ஸ்காபரோவில் பேத்தி ஐபோனில் திறக்கிறார். பாரிசில் மருமகன் அலுவலக மின்னஞ்சலில் பார்க்கிறார். மூன்று பேரும் பார்ப்பது மூன்று வேறு பக்கங்கள்.

அம்மம்மா திறந்தது குறோம் அல்ல, பேஸ்புக்கின் வயிற்றுக்குள் இருக்கும் ஓர் உலாவி. அன்ட்ரொயிட்டில் செயலிகளுக்குள் திறக்கும் இப்படியான பக்கங்கள் பெரும்பாலும் வெப்வியூ என்ற பாகத்தால் ஓடுகின்றன. 2014இல் வந்த அன்ட்ரொயிட் 5இல் இருந்துதான் அது தனியாகப் புதுப்பிக்கக்கூடியதானது. பல வருடம் புதுப்பிக்காத போனில் வெப்வியூவும் பழையதாகவே கிடக்கும். அம்மம்மா கண்ணுக்கு வசதியாகப் போனின் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருந்தால், வெப்வியூவுக்குள்ளும் எழுத்து பெருத்து, பெட்டியை மீறி, இறுதிக்கிரியை நேரத்தின் மேல் முகவரி ஏறி நிற்கும். எந்த நேரத்துக்குப் போவது என்று தெரியாமல் ஒரு குடும்பம் தவிப்பதற்கு இது போதும்.

பேத்தியின் ஐபோனில் இன்னொரு வியப்பு. அங்கே குறோம், பயர்பொக்ஸ் என்று எதைப் போட்டாலும் உள்ளே ஓடுவது சஃபாரியின் இயந்திரமே! அது அப்பிளின் விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதற்கு விலக்குப் பெற்றது. ஆகவே, ‘குறோமில் பார்த்தேன், சரியாக இருந்தது’ என்ற சொல்லுக்கு, எந்தப் போனில் என்று கேட்காமல் பொருளே இல்லை. மருமகனுடைய விண்டோஸ் அவுட்லுக்கோ 2007 பதிப்பிலிருந்து பல்லாண்டுகள் மின்னஞ்சலை உலாவி இயந்திரத்தால் அல்ல, வேர்ட் மென்பொருளின் இயந்திரத்தால் காட்டியது. பின்னணிப் படம், பெட்டி அமைப்பு எல்லாம் அங்கே குலைந்துவிடும்.

கூகுள் கணக்கால் நுழையும் பொத்தான் பேஸ்புக் உலாவிக்குள் வேலைசெய்யாமல் போவதும் இந்த வகைதான். பாதுகாப்புக்காகச் செயலிகளுக்குள் இருக்கும் உலாவிகளில் அந்த நுழைவை கூகுள் 2017இல் தடுத்தது.

பாமினியில் எழுதிய பழைய பக்கங்களை இன்றைய குறோம், எழுத்துருவும் சேர்த்து அனுப்பினால், அழகாகக் காட்டும். ஆனால், பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் முறையில் ஒப்பெரா மினி பக்கத்தோடு வரும் எழுத்துருவை ஏற்பதில்லை. அங்கே மறுபடியும் அதே ஜே, கே, பீ, ஓ! ‘யாழ்ப்பாணம்’ என்று தேடினாலும் அந்தப் பக்கங்கள் அகப்படாது, ஏனென்றால் உள்ளே யாழ்ப்பாணமே இல்லை. எத்தனை ஊர்ப் பக்கங்கள், எத்தனை சங்க மலர்கள் இப்படிக் கண்முன்னே இருந்தும் காணாமற் போயிருக்கின்றன! 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்தார் போன்றவர்கள் பழைய ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துப் பிடிஎஃப் ஆக்கியதில் இந்தத் தொல்லை இல்லை. படம் எந்தத் திரையிலும் படம்தான்.

ஓர் எழுத்து ஐபோனையே விழுத்தியது தெரியுமா? 2018 பெப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து செய்தியாக வந்தால் ஐபோனின் செயலிகள் செயலிழந்து விழுந்தன. எழுத்தைக் கோக்கும் இடத்தில் இருந்த பிழை. அப்பிள் அவசரமாக ஒரு திருத்தப் பதிப்பை வெளியிட வேண்டியிருந்தது.

இப்போது மிகவும் பயனுள்ள வியப்பைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். உடைந்த தமிழின் முகத்தைப் பார்த்தே நோய் எதுவென்று சொல்லிவிடலாம். வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரிந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் எழுதியது, யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். கொம்பு தனியாகப் புள்ளிவட்டம் ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றால் பெரும்பாலும் எழுதிய வரிசையே பிழை. வட்டமில்லாமல் கொம்பு பின்னால் நின்றால் எழுத்துக்கோப்பு இயந்திரம் வேலைசெய்யவில்லை. தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆரும் திரும்பத் திரும்ப வந்தால், பக்கத்தின் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று உலாவிக்கு யாரும் சொல்லவில்லை. தமிழின் ஒவ்வோர் எழுத்துக்குறியும் அந்த முறையில் ஒரே முதல் பைட்டோடுதான் தொடங்குகிறது. அதனால்தான் அந்த ஏ ஓயாமல் வருகிறது!

எழுத்துகள் சரியாக இருந்து, அமைப்பு மட்டும் குலைந்தால் அது வேறு கதை. ‘திரையின் முழு உயரம்’ என்று சொன்னால் ஐபோன் சஃபாரி முகவரிப் பட்டையின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிடும். கீழே இருக்கும் பொத்தான் மறைந்துவிடும். 2022இல் இதற்கென்றே புதிய அளவலகுகளை உலாவிகள் ஏற்றன. எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் கட்டளையைத் தமிழுக்குக் கொடுக்காதீர்கள். சில இடங்களில் அரவு எழுத்தை விட்டுத் தள்ளிப்போய் நிற்கும்.

ஊர்ப் பக்கமோ, பழைய மாணவர் சங்கப் பக்கமோ, அறிவித்தல் பக்கமோ நடத்தும் அன்பர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். யூனிகோடில் எழுதுங்கள். ஒரு தமிழ் எழுத்துருவைப் பக்கத்தோடு சேர்த்தே அனுப்புங்கள். வெளியிடுமுன் உங்கள் மடிகணினியில் மட்டும் பார்க்காமல், வீட்டில் இருக்கும் மிகப் பழைய அன்ட்ரொயிட் போனில், எழுத்தளவைப் பெரிதாக்கி, பேஸ்புக்குக்குள்ளும் வட்ஸ்அப்பிலிருந்தும் ஒருமுறை திறந்து பாருங்கள். யாராவது ‘தெரியவில்லை’ என்று சொன்னால் எந்தப் போன், எந்தச் செயலிக்குள் திறந்தது என்று கேட்டு, திரையின் படம் ஒன்றையும் வாங்குங்கள். பழைய பாமினிக் கோப்புகள் வைத்திருப்பவர்கள் அவற்றை இந்த ஆண்டே மாற்றிவிடுங்கள். மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.