10,080 காரணிகள்! ராமானுஜன் பிடித்த எண்ணும் தப்பவிட்ட எண்ணும் தெரியுமா?

6746328388800. எங்கே, மூச்சு விடாமல் ஒரு தடவை வாசியுங்கள் பார்ப்போம்! ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. இதை 2-ஆல் வகுங்கள், 3-ஆல் வகுங்கள், அப்படியே 28 வரை போங்கள். எங்குமே மீதி வராது தெரியுமா? 29-இல்தான் முதல்முறையாகச் சறுக்கும்.

இதற்கு மொத்தம் 10,080 காரணிகள்! ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து எண்ண ஆயுசு போதுமா? தேவையே இல்லை. பகா எண்களாக உடைத்தால் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2. அவ்வளவுதான், 10,080! இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. டஜனுக்கு 12, நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்கிறோமே, அவையும் இதே வம்சம்தான். தனக்குக் கீழே உள்ள எல்லாரையும் காரணிக் கணக்கில் தோற்கடித்த எண்கள்.

இந்த வம்சத்துக்கே ஜாதகம் எழுதியவர் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் வெளியிட்ட கட்டுரையில் இப்படி 102 எண்களைப் பட்டியல் போட்டார். கடைசி எண், நாம் மேலே திணறித் திணறி வாசித்ததுதான்! அடுக்குகளைக் கவனித்தீர்களா? 6, 4, 2, 2, 1... இறங்குமே தவிர ஏறவே ஏறாது. இந்த வம்சத்தில் எதை எடுத்தாலும் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1-ஆகத்தான் இருக்கும். 4, 36 இரண்டுக்கு மட்டும் விலக்கு. இதையும் அவரே நிறுவினார். இந்த ஆய்வுக்காகத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் கொடுத்தது. ஊரில் கல்லூரித் தேர்வில் தேறாமல் போனவருக்கு!

அது முதல் உலகப்போர்க் காலம். கட்டுரையை வெளியிட்ட லண்டன் கணிதக் கழகத்துக்குப் பணமுடை. கட்டுரையின் ஒரு பகுதி அச்சேறாமலே கிடந்தது. அது வெளிவந்தது எப்போது தெரியுமா? 1997-இல்!

இன்னொரு ஆச்சரியம் பாக்கி இருக்கிறது. கணிப்பொறி இல்லாத காலத்தில் போட்ட அந்தப் பட்டியலில் ஒரே ஒரு எண் விடுபட்டுவிட்டது: 293318625600. காரணிகள் 5,040. சரி, அது ஏதோ மூலையில் ஒளிந்திருந்த எண் என்றா நினைக்கிறீர்கள்? அதை 23-ஆல் பெருக்குங்கள். பட்டியலின் கடைசி எண்ணே வந்து நிற்கும்! கடைக் கல்லாவில் இருக்கும் 12 இலக்கக் கால்குலேட்டரில் விடை அடங்காது, பேனாவை எடுங்கள்.