குரலுக்கு ஒரு புதுச்செவி

வீட்டறையிலேயே பொப்பிசைப் பாடல் ஆக்கும் இளைஞர் சிலர், கணினியால் மெருகேற்றிய குரலைக் கேட்கச் செய்து, “நன்றாயிருக்கின்றதா?” என என்னை வினவுவதுண்டு. அவ்வினாவாற் பயன் சிறிதே என்பேன்.

1997இல் அன்டி ஹில்டெபிரான்ட், எண்ணெய் வளம் தேடும் நிலவதிர்வு ஆய்விற் பெற்ற கணித அறிவைக் கொண்டு, ‘ஓட்டோ-டியூன்’ என்னும் சுருதி திருத்தியை வெளியிட்டார். மறு ஆண்டு ஷெர் பாடிய ‘பிலீவ்’ அத்திருத்தத்தை மறையாது அணியாகவே பூண்டது. ஆயினும், திருத்தம் மிகுந்தாற் குரலின் குழைவு மறையும். எதிரொலி மிகுந்தாற் சொல் மங்கும். ஆக்கியோன் செவி இதனை உணர்வதரிது. சொற்களை அது முன்னரே அறியுமன்றோ?

ஆதலின், அப்பாடலை முன்னர்க் கேளாத ஒருவருக்கு ஒருமுறை ஒலிக்கவிட்டு, கேட்ட சொற்களை எழுதித்தரும்படி வேண்டுக. அவர் எழுதுகோல் தயங்கிய இடமே மெருகைக் குறைக்க வேண்டிய இடம்.