பரிசுத்தொகை யார் வீட்டுப் பணம்?

2021 அக்டோபர் 15 அன்று துபாயில் ஐபிஎல் கோப்பையை வென்ற சென்னை சூப்பர் கிங்ஸுக்குக் கிடைத்த பரிசு 20 கோடி ரூபாய். இரண்டு நாள் கழித்து ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில், கொரோனாவால் ரசிகர்களை அனுமதிக்காத ஓர் அரங்கில், ஐந்து இளைஞர்கள் கணினி முன் உட்கார்ந்து ‘டோட்டா 2’ ஆடி ஜெயித்தார்கள். ‘டீம் ஸ்பிரிட்’ என்ற அந்த அணி வாங்கியது 1 கோடியே 82 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 135 கோடி ரூபாய்க்கு மேல். கிரிக்கெட்டை வீடியோ கேம் விஞ்சிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் பரிசுத்தொகையை வைத்து ஒரு விளையாட்டின் பலத்தை எடைபோடுபவர் ஏமாந்துதான் போவார்.

அந்தப் பணம் வந்த வழியைப் பாருங்கள். ‘தி இன்டர்நேஷனல்’ என்ற இந்தப் போட்டியை நடத்துவது டோட்டாவின் உரிமையாளரான வால்வ் நிறுவனம். தன் பங்காக அது போட்டது 16 லட்சம் டாலர்தான். 2013 முதல், போட்டிக் காலத்தில் விளையாட்டுக்குள் பயன்படும் அலங்காரப் பொருள்களை விற்று, வரவில் கால் பங்கைப் பரிசில் சேர்த்தது. 2021 போட்டியின் மொத்தப் பரிசு 4 கோடி டாலரை எட்டியது. கணக்குப் போட்டால், ரசிகர்கள் செலவிட்டது 15 கோடி டாலருக்கு மேல். பரிசுக்குப் போகாத முக்கால் பங்கு, சுமார் 11.5 கோடி, வால்வின் கையில். கெட்டிக்கார வியாபாரம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 2023-ல் வால்வ் போட்டியோடு சேர்ந்த அந்த அலங்காரப் பொருள் விற்பனையைக் கைவிட்டது. மொத்தப் பரிசு சுமார் 32 லட்சம் டாலராகச் சுருங்கியது. அந்த ஆண்டும் கோப்பையை வென்றது அதே டீம் ஸ்பிரிட்தான். கையில் வந்தது சுமார் 14 லட்சம். திறமை குறையவில்லை; கடைக்காரர் மனம் மாறினார், அவ்வளவுதான்.

பெரிய பரிசு இல்லாவிட்டால் இளைஞர்கள் இந்தப் பக்கம் வந்திருப்பார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கராச்சியில் பிறந்த சுமைல் ஹசன் 2015-ல் பதினாறு வயதில் இதே கோப்பையை வென்றது பலருக்கு ஆசை காட்டியிருக்கும். ஆனால் 2021-ல் மொத்தப் பரிசில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு ஒரே அணிக்குப் போனது. மற்றவர்களுக்கு மாதம் தவறாமல் சோறு போடுவது சம்பளம்; சம்பளத்துக்கு ஆதாரம் பெரும்பாலும் ஸ்பான்சர்.

கிரிக்கெட்டும் ஸ்பான்சரை நம்பித்தானே இருக்கிறது என்பது அடுத்த வாதம். இருக்கிறது, ஆனால் அதற்கு அடியில் வேறொரு தூண் உண்டு. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. டோட்டா போன்ற மின்விளையாட்டுகளை ட்விட்ச், யூடியூப் தளங்களில் இலவசமாகவே பார்க்கலாம் என்பதால் அந்த வரவு அங்கே சொற்பம். ஸ்பான்சர் சாய்ந்தால் தாங்க ஆளில்லை. அமெரிக்காவின் டிஎஸ்எம் அணி 2021-ல் தன் பெயரோடு எஃப்டிஎக்ஸ் பெயரையும் சேர்த்துக்கொண்டது. பத்தாண்டுக்கு 21 கோடி டாலர் ஒப்பந்தம். 2022 நவம்பரில் அந்த கிரிப்டோ நிறுவனம் திவாலானது, ஒப்பந்தமும் போயிற்று. இன்னொன்று, கிரிக்கெட்டுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. எந்தத் தெருவிலும் மட்டையும் பந்தும் போதும். டோட்டா போட்டி நடத்தவோ வால்வின் அனுமதி வேண்டும்.

ஸ்பான்சர்கள் விட்ட வெற்றிடத்தை இப்போது நிரப்புவது சவூதி அரசின் பணம். சவூதி அரசு நிதிக்குச் சொந்தமான சாவி கேம்ஸ், போட்டி நடத்தும் இஎஸ்எல், ஃபேஸ்இட் இரண்டையும் 2022-ல் 150 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-ல் ரியாத்தில் நடந்த மின்விளையாட்டு உலகக் கோப்பையின் மொத்தப் பரிசு 6 கோடி டாலருக்கு மேல். அதில் 2 கோடி, பல விளையாட்டுகளில் சேர்த்துப் புள்ளி குவித்த கிளப்புகளுக்கென ஒதுக்கப்பட்டது. கிளப்புகளுக்கு இது மூச்சுவிட இடம் கொடுத்திருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் இதுவும் டிக்கெட்டிலோ ஒளிபரப்பிலோ ஈட்டிய பணமல்ல. தொகையை நிர்ணயிக்கும் மேஜை, வால்வ் இருக்கும் சியாட்டிலின் பக்கத்திலிருந்து ரியாத்துக்கு நகர்ந்திருக்கிறது. ஆடுபவர்களுக்கு அதில் இன்னும் நாற்காலி போடவில்லை.