உங்களுக்குத் தெரியுமா? சிதைந்த உருளையும் பாடும்!

இசைத்தட்டுகள் பரவும் முன், எடிசனின் போனோகிராஃபில் மெழுகு உருளைகள்தான் பாடின. இன்று அவற்றைக் காப்பது தனிக் கலை.

● வழக்கமான உருளை நிமிடத்துக்கு 160 முறை சுழன்று, சுமார் 2 நிமிடம் பாடும். ஊசி பக்கவாட்டில் ஆடாது. மேலும் கீழும் ஏறி இறங்கும்.

● பூஞ்சை மெழுகை அரித்துவிட்டால், அந்த இடத்தில் இருந்த ஒலி திரும்பாது. கைச்சூடு பட்டாலே குளிர்ந்த உருளை விரிசல் விடலாம். அதனால் உட்புறத்தில் இரு விரல்களை விரித்துத்தான் தூக்குவார்கள்.

● 1912-இல் வந்த 'புளூ அம்பரோல்' உருளையின் மேற்பரப்பு செல்லுலாய்டு, எளிதில் உடையாது. ஆனால், உள்ளிருக்கும் பிளாஸ்டர் ஈரத்தில் உப்பினால் கருவியில் மாட்ட முடியாது. உட்புறத்தைப் பதமாகச் சுரண்டியே சரிசெய்கிறார்கள்.

● ஊசி பட்டால் தேய்ந்துவிடும் உருளைகளுக்கும் வழி உண்டு. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கார்ல் ஹேபரும் விட்டாலி ஃபடேயெவும் உருவாக்கிய முறையில், ஒளியைக் கொண்டு பள்ளங்களின் ஆழத்தை அளக்கிறார்கள். கணினி அதை ஒலியாக்குகிறது.

● 1890-இல் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ், மெய்ன் மாநிலத்தின் பாசமகுவாடி பழங்குடியினரின் பாடல்களையும் கதைகளையும் மெழுகில் பதிந்தார். ஒரே பிரதியாக எஞ்சும் இத்தகைய குரல்களுக்காகவே, கீறல் விழுந்த உருளையையும் எறியக் கூடாது.