எந்த நூலகத்தில் இருக்கிறது அந்தப் புத்தகம்?

முன்பெல்லாம் ஒரே புத்தகத்தை ஐம்பது நூலகங்கள் வாங்கினால், ஐம்பது இடங்களிலும் தனித்தனியே உட்கார்ந்து அதற்குப் பட்டியல் அட்டை எழுதினார்கள். ஆசிரியர் பெயருக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. இழுப்பறையில் அடுக்கிய அட்டைகளின் அடியில் ஒரு துளை. யாரும் உருவிக்கொண்டு போகாதபடி அதற்குள் ஒரு கம்பி ஓடும். ஒரே அட்டையை இடந்தோறும் எழுதும் வீண் உழைப்பைக் குறைக்கத்தான் 1967இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலக் கல்லூரிகள் கூடி ஓ.சி.எல்.சி. அமைப்பைத் தொடங்கின. அதற்குத் தலைமை ஏற்றவர் ஃபிரெட் கில்கோர்.

1971 ஆகஸ்ட் 26 அன்று ஒஹையோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகம் முதன்முதலாக ஓ.சி.எல்.சி.யின் கூட்டுப் பட்டியலில் கணினி வழியே புத்தகங்களைப் பதிந்தது. ஒரு நூலகம் பதிந்தால் போதும். அடுத்தது அதே பதிவைத் திரையில் வரவழைத்து, 'எங்களிடமும் இருக்கிறது' என்று தன் குறியீட்டைச் சேர்த்துவிடும். அட்டைகள் ஒஹையோவில் அச்சாகி, அகர வரிசைப்படியே வந்து சேர்ந்தன. கடைசி அட்டை அச்சானது 2015 அக்டோபரில்.

இத்தனை வளர்ந்தும், எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்ற செய்தி வெகுகாலம் நூலகர்களிடமும் சந்தா கட்டிய நூலகங்களிடமுமே இருந்தது. 2006 ஆகஸ்டில்தான் அந்தக் கூட்டுப் பட்டியலின் இணையத்தளமான வேர்ல்ட்கேட் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்தது. என்னைக் கேட்டால், 1971ஐவிடப் பெரிய நாள் இதுதான். எந்தப் பல்கலைக்கழகத்தையும் சேராதவர்கூடத் தலைப்பைத் தட்டி, தம் ஊருக்கு அருகில் எந்த நூலகத்தில் அந்தப் புத்தகம் இருக்கிறது என்று பார்க்க முடிந்தது.

2008இல் இந்தப் பட்டியலின் பதிவுகளை மறுபடி பயன்படுத்துவதற்கு ஓ.சி.எல்.சி. புதிய விதிகளைக் கொண்டுவந்தபோது நூலகர்கள் கொதித்தெழுந்தார்கள்; மறு ஆண்டே அவை திரும்பப் பெறப்பட்டன. நியாயம் நூலகர்கள் பக்கம்தான். அந்தப் பதிவுகளை எழுதியவர்கள் அவர்கள். பல இடங்களில் கூலி கொடுத்தது மக்களின் வரிப்பணம்.

தமிழ் வாசகருக்கும் இந்தப் பட்டியலில் பங்குண்டு. 1962 முதல் பி.எல். 480 என்ற அமெரிக்க அரசுத் திட்டத்தின்கீழ் இந்தியாவில் வெளியான நூல்களை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வாங்கி, அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழ் நூல்களும் அப்படிப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் பலவற்றின் வேர்ல்ட்கேட் பதிவு ரோமன் எழுத்தில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு பழைய நூல் கிடைக்கவே கிடைக்காது என்று கைவிடுமுன், வேர்ல்ட்கேட்டில் தமிழிலும் ரோமன் எழுத்திலும் ஒருமுறை தேடிவிடுங்கள்.